சொல் தொலைத்தவர்களின் வைத்தியர்: அலெக்சாண்டர் லூரியா

என் தம்பிக்குத் தலையில் காயம் பட்டது 2009 மார்ச் மாதத்தில். அப்போது அவனுக்கு 19 வயது. இடது காதுக்குச் சற்று மேலே ஷெல் துண்டு ஏறியிருந்தது. புதுமாத்தளனில் இருந்து காயக்காரரை ஏற்றிச் சென்ற கப்பலில் அவனைத் திருகோணமலைக்குக் கொண்டு போனார்கள். கூடப் போக அம்மாவுக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. நான்கு மாதங்களுக்குப் பிறகு முகாமில்தான் நான் அவனை மறுபடி கண்டேன். காயம் ஆறியிருந்தது. வலது கை கொஞ்சம் இழுத்தபடி இருந்தது. என்னைக் கண்டதும் அழுதான். பிறகு வாயைத் திறந்து, தண்ணி என்றான்.

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். கோப்பையைத் தட்டிவிட்டான். மறுபடியும் தண்ணி என்றான். அவனுக்குத் தாகம் இல்லை என்பது எனக்கு விளங்க நாட்கள் எடுத்தன. பசித்தாலும் தண்ணி, வலித்தாலும் தண்ணி, அப்பா எங்கே என்று கேட்க நினைத்தாலும் தண்ணி. அந்த ஒரு சொல்லைத் தவிர அவன் வாயில் எதுவும் மிஞ்சவில்லை.

சனங்கள் அவனுக்கு விசர் என்றார்கள். ஒரு வைத்தியசாலையில், அவன் கட்டிலின் பக்கத்தில் நின்றபடியே, மூளை போய்விட்டது, இனி எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொன்னார்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். பெயர் கேட்ட இடங்களில் பெயர் சொல்ல முடியாமல் நின்றான். அந்தக் காலத்தில் பெயர் சொல்லாமல் நிற்பது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதற்கு மேல், பின்னேரத்தில் அம்மா தேவாரம் பாடும்போது அவனும் சேர்ந்து முழு வரிகளையும் பாடினான். அதைக் கண்டவர்கள், இவன் நடிக்கிறான் என்றார்கள். எனக்கும் ஒருநாள் அந்தச் சந்தேகம் வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து வருடங்கள் கழிய, வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் ஒருத்தி ஒரு ஆங்கிலப் புத்தகம் அனுப்பினாள். தலையில் சுடுபட்ட ஒரு ரஷ்யப் படைவீரனைப் பற்றிய புத்தகம். அதை எழுதியவர் அலெக்சாண்டர் லூரியா. அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்த பிறகுதான் என் தம்பியை எனக்கு விளங்கத் தொடங்கியது. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

கசானில் ஒரு வைத்தியர் வீடு

லூரியா 1902 ஜூலையில், வொல்கா ஆற்றங்கரை நகரமான கசானில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தாய் பல் வைத்தியர். தகப்பன் ரொமான் லூரியா உள்மருத்துவத்தில் பெயர் பெற்றவர். தகப்பன் 1935இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளி தன் நோயைத் தனக்குள் எப்படி விளங்கி வைத்திருக்கிறார் என்பதையும், வைத்தியரின் கவனமற்ற சொல்லே ஒருவரை எப்படி நோயாளியாக்கும் என்பதையும் பற்றிய நூல் அது. தம்பியின் கட்டிலடியில் சொல்லப்பட்ட வார்த்தைகள் அதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தன. வைத்தியரின் வாயும் காயப்படுத்தும் என்று ஒரு வைத்தியரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மகனின் படிப்பு புரட்சிக்காலத்தில் நடந்தது. பதினாறு வயதில் பல்கலைக்கழகம் போய் 1921இல் பட்டம் பெற்றார். இருபது வயதில் கசானில் ஒரு உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, வியன்னாவில் இருந்த சிக்மண்ட் பிராய்டுக்குக் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது. 1923இல் மொஸ்கோவுக்குப் போனார். அடுத்த வருடம் லெனின்கிராட்டில் நடந்த ஒரு மாநாட்டில் லெவ் வைகொட்ஸ்கி என்ற இளைஞரின் உரையைக் கேட்டார். லூரியாவின் வாழ்க்கையைத் திருப்பிய சந்திப்பு அது.

மனிதனின் நினைவும் கவனமும் சிந்தனையும் அவன் பிறக்கும்போதே முழுமையாக இருப்பவை அல்ல, பிறரோடு பழகி, மொழியைக் கருவியாகக் கொண்டு கட்டப்படுபவை என்பது வைகொட்ஸ்கியின் எண்ணம். அப்படியானால் அந்தக் கருவி உடைந்துபோன ஒருவருக்கு என்ன நடக்கும்? இந்தக் கேள்விதான் லூரியாவைக் கடைசிவரை விடாமல் துரத்தியது.

இருவரும் சேர்ந்து பார்க்கின்சன் நோயாளிகளிடம் செய்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சமதரையில் இரண்டு அடிகூட எடுத்து வைக்க முடியாத நோயாளி, மாடிப்படி ஏறுவார். ஏனெனில் ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரு தனிக் கட்டளை. அதனால் தரையில் கடதாசித் துண்டுகளை வரிசையாகப் போட்டார்கள். நோயாளி ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி நடந்தார். தானாக நடக்கும் வழி அடைபட்டபோது, கண் வழியாக இன்னொரு வழி கிடைத்தது.

வைகொட்ஸ்கி 1934இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு 37 வயது. இரண்டு வருடங்களில், குழந்தை ஆய்வுத்துறைக்கு எதிராக அரசு விடுத்த ஆணையோடு அவருடைய எழுத்துக்களும் ஒதுக்கப்பட்டன. லூரியாவும் தப்பவில்லை. அவர் 1931இலும் 1932இலும் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய்ச் செய்த ஆய்வு, அந்த மக்களை இழிவுபடுத்துகிறது என்று குற்றம் சாட்டப்பட்டது. அந்த முடிவுகள் நூலாக வெளிவர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உளவியலில் கதவுகள் மூடப்பட, பேராசிரியராக இருந்தவர் முப்பது வயது தாண்டி மருத்துவ மாணவராகப் போய் அமர்ந்தார். 1937இல் வைத்தியராக வெளியே வந்து, மொஸ்கோவின் பர்தென்கோ நரம்பியல் சத்திரசிகிச்சை நிறுவனத்தில் சேர்ந்தார்.

போர்க்கால வைத்தியசாலை

1941 ஜூனில் ஜேர்மன் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தன. தலையில் காயப்பட்ட படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். உயிரைக் காப்பாற்றுவது சத்திரசிகிச்சை நிபுணர்களின் வேலை. அதற்குப் பிறகு அவர்கள் எப்படிப் பேசுவது, எப்படி வாசிப்பது, எப்படி வேலைக்குப் போவது? அதற்கென ஒரு வைத்தியசாலை அமைக்கும் பொறுப்பு லூரியாவிடம் வந்தது. போர்முனையில் இருந்து வெகுதூரத்தில், ஊரல் மலைப்பகுதியில், செலியாபின்ஸ்க் நகருக்கு அருகே கிசெகாச் என்ற இடத்தில் ஒரு ஆரோக்கிய விடுதி இருந்தது. சுமார் 400 கட்டில்கள். அதில் ஆய்வுகூடங்களையும் பயிற்சி அறைகளையும் அமைத்து, ஏறத்தாழ மூன்று வருடங்கள் அங்கே வேலை செய்தார்.

பேச்சிழப்பைப் பற்றி வைத்திய உலகம் அதற்கு முன்பே கொஞ்சம் அறிந்திருந்தது. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் டான் என்ற ஒரே ஒலியைச் சொன்னபடி இருபது வருடங்களுக்கு மேல் வைத்தியசாலையில் கிடந்தவர் அவர். அவர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தபோது இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. 1874இல் ஜேர்மனியரான கார்ல் வேர்னிக்கே இன்னொரு இடத்தைக் காட்டினார். அங்கே சேதமானால் பேச்சு சரளமாக ஓடும், ஆனால் பொருள் இராது, பிறர் பேச்சும் விளங்காது. டான் என்ற அந்த மனிதரைப் பற்றிப் படித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணிக்கு வைத்திய நூல்களில் இவ்வளவு காலமாக ஒரு இடம் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

லூரியா இதற்கு மேல் ஒரு படி போனார். பேச்சு மூளையின் ஒரு மூலையில் இருக்கும் பெட்டி அல்ல என்றார். பல பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு பங்கைச் செய்து சேர்ந்து நடத்தும் வேலை அது. எந்தப் பகுதி அடிபட்டது என்பதைப் பொறுத்து, பேச்சு உடையும் விதமும் வேறுபடும்.

ஒருவருக்கு ஒரு ஒலியில் இருந்து அடுத்த ஒலிக்கு நாக்கு தாண்டாது. சொன்னதிலேயே சிக்கி நிற்கும். இன்னொருவருக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் நெருங்கிய ஒலிகள் பிரிந்து கேட்காது. எங்கள் மொழியில் நினைத்துப் பாருங்கள். வால் என்பதும் வாள் என்பதும் ஒன்றாகிவிட்டால் மற்றவர் பேசுவதில் எவ்வளவு மிஞ்சும்? வேறொருவருக்குச் சொன்னது எல்லாம் விளங்கும், சொன்னதைத் திருப்பியும் சொல்லுவார், ஆனால் தானாக ஒரு வசனத்தைத் தொடங்க முடியாது. அப்படியானவர் முன்னால் லூரியாவும் கூட வேலை செய்தவர்களும் வெறும் அட்டைகள் சிலவற்றை வரிசையாக வைத்தார்கள். அட்டையில் எதுவும் எழுதியிருக்காது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும்போது நோயாளி வசனத்தைச் சொல்லி முடித்தார். வசனத்தின் எலும்புக்கூட்டை வெளியே மேசையில் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கிசெகாச்சில் செய்த வேலையின் அடிப்படை இதுதான். உடைந்த வழியிலேயே திரும்பத் திரும்பத் தள்ளுவதால் பயனில்லை. மூளையில் எது உடையாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். கேட்டுப் பிரிக்க முடியாத ஒலியை உதட்டைப் பார்த்துப் பிரிக்கலாம். அதற்கு ஒவ்வொரு நோயாளியோடும் பல மணி நேரம் இருந்து அவருடைய பிழைகளைக் கவனிக்க வேண்டும். இந்த அனுபவங்களைத் தொகுத்து, காயத்தால் வரும் பேச்சிழப்பைப் பற்றிய நூலை 1947இல் வெளியிட்டார்.

சாசெட்ஸ்கி என்ற படைவீரன்

மச்சாள் அனுப்பிய புத்தகத்தின் நாயகன் சாசெட்ஸ்கி. பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவன். 1943 மார்ச் மாதத்தில் ஸ்மொலென்ஸ்க் பகுதிப் போரில், தலையின் இடப்பக்கப் பின்மேற்பகுதியில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தது. மூன்று மாதமளவில் லூரியா அவனைச் சந்தித்தார்.

பார்க்கும் எதிலும் வலப்பாதி அவனுக்குத் தெரியவில்லை. வலதும் இடதும் குழம்பின. பொருட்களின் பெயர்கள் வரவில்லை. எழுத்துக்கள் முன்பின் கண்டிராத கோடுகளாகத் தெரிந்தன. தனித்தனிச் சொற்கள் விளங்கினாலும் சொற்களுக்கு இடையிலுள்ள உறவு விளங்கவில்லை. யானை ஈயை விடப் பெரியது என்றால் எது பெரியது என்று திகைத்தான். அப்பாவின் தம்பி என்பதும் தம்பியின் அப்பா என்பதும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. தமிழில் சித்தப்பா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ரஷ்ய மொழியில் அந்த உறவை இப்படிக் கோர்த்துச் சொன்னபோது அவன் அங்கேயே தொலைந்துபோனான்.

ஆனால் மூளையின் முன்பகுதி சேதப்படவில்லை. அதனால் எதை இழந்தேன் என்பது அவனுக்கு முழுதாகத் தெரியும். திரும்பப் பெற வேண்டும் என்ற பிடிவாதமும் குறையவில்லை. சின்னப்பிள்ளை போல அரிச்சுவடி தொடங்கினான். ஒரு எழுத்தைக் கண்டால், முதல் எழுத்தில் இருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து அதை அடைவான். எழுதுவதற்கும் அப்படித்தான் ஒவ்வொரு வடிவத்தையும் நினைவில் தேடித் தேடித் தோற்றான். ஒருநாள், யோசிக்காமல், கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதிப் பார் என்று சொல்லப்பட்டது. இரத்தம் என்ற சொல்லை எழுதினான். சரியாக வந்தது. கண்ணுக்கும் நினைவுக்கும் தெரியாத எழுத்து, பழகிய கைக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து எழுதினான். தான் எழுதியதைத் தானே சரளமாக வாசிக்க முடியாது. ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பான். இப்படி 25 வருடங்களில் சுமார் 3000 பக்கங்கள். அவை இல்லாமல் லூரியாவின் புத்தகம் இல்லை. 1971இல் அது வெளிவந்தபோது, அதன் பெரும்பகுதியை நோயாளியின் சொந்த எழுத்தே நிரப்பியிருந்தது. வைத்தியர் இடையிடையே விளக்கம் மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாசெட்ஸ்கி முழுதாகக் குணமடையவில்லை. படிப்பைத் தொடர முடியவில்லை. லூரியாவும் அப்படி நடந்ததாக எங்கும் எழுதவில்லை. ஆனால் ஏறத்தாழ 30 வருடங்கள் அவனை விட்டுவிடவும் இல்லை.

இசை மிஞ்சிய மனிதர்

போர் முடிந்தும் லூரியாவுக்கு அமைதி கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில், யூதர்கள் மீதான சந்தேகமும் அறிவியலில் ஒரே கோட்பாட்டைத் திணித்த பிரசாரமும் சேர்ந்த காலத்தில், பர்தென்கோ நிறுவனத்தில் இருந்து விலக்கப்பட்டார். குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். சில வருடங்களின் பின்னரே தன் நோயாளிகளிடம் திரும்ப முடிந்தது.

அவரும் சக ஆய்வாளர்களும் 1965இல் எழுதிய ஒரு கட்டுரை ஷெபாலின் என்ற இசையமைப்பாளரைப் பற்றியது. மொஸ்கோ இசைக்கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். 1953இலும் 1959இலும் பாரிசவாதம் வந்து பேச்சு மிக மோசமாகச் சிதைந்தது. பிறர் பேச்சும் சரியாக விளங்கவில்லை. ஆனால் இசை இருந்தது. மாணவர்களின் படைப்புகளைத் திருத்தினார். 1963இல் இறப்பதற்கு முந்திய வருடம் தன் ஐந்தாவது சிம்பொனியை முடித்தார். மொழி போன மூளையில் இசை தங்கி நிற்கலாம் என்பதை மருத்துவ உலகம் அவரிடம் கண்டது.

தேவாரம் பாடிய என் தம்பி நடிக்கவில்லை. ஆயிரம் தடவை பாடிப் பழகிய பாட்டு வேறு. அந்த நேரத்தில் தேடி எடுத்துச் சொல்ல வேண்டிய சொந்தப் பெயர் வேறு. ஒன்று வந்ததால் மற்றது வரும் என்பதில்லை.

லூரியா 1977 ஓகஸ்ட் 14ஆம் திகதி மொஸ்கோவில், 75 வயதில் இறந்தார். பிற்காலத்தில் நோயாளிகளின் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஒலிவர் சாக்ஸ் அவரைத் தன் வழிகாட்டியாகக் கருதினார். இருவருக்கும் இடையே கடைசி வருடங்களில் கடிதப் போக்குவரத்து இருந்தது.

எங்கள் வீட்டில்

எங்களுக்கு ஒரு கிசெகாச் கிடைக்கவில்லை. போரில் தலையில் காயப்பட்டவர்கள் எத்தனை பேர் இன்றும் வீட்டு மூலைகளில் ஊமை என்றும் விசர் என்றும் பெயர் எடுத்து இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாரிசவாதம் வந்து சொல் போன வயதானவர்களும் அப்படித்தான்.

புத்தகத்தைப் படித்தபின் நான் செய்தவை சின்ன விசயங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கேள்வி கேட்பதை நிறுத்தினேன். சோறா, புட்டா என்று இரண்டையும் காட்டிக் கேட்டேன். பதிலுக்கு ஒரு நிமிடம் என்றாலும் காத்திருந்தேன். அவன் தொடங்கிய சொல்லை நான் முடிப்பதை விட்டேன். அவன் முன்னால் அவனைப் பற்றி மற்றவர்களோடு கதைப்பதை வீட்டில் தடை செய்தேன். ஒரு கொப்பியில் வீட்டுச் சாமான்களையும் ஆட்களையும் படமாக ஒட்டினேன். பாட்டின் இழுவையில் சொற்களைச் சொல்லிப் பழக்கினேன். பிறகு, வெகுதூரம் போய், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை காட்டினோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். காலம் பிந்திப்போனாலும் தொடங்கலாம் என்றும் சொன்னார்.

இப்போது அவனிடம் ஐம்பது, அறுபது சொற்கள் இருக்கின்றன. தன் பெயரைச் சொல்லுவான். கடைக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டு போவான், மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். அப்பாவின் படத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்பான். அந்தக் கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இல்லை.

களைத்துப்போன நாட்களில் இன்னும் தண்ணி என்பான். நான் கோப்பையை எடுக்க எழும்புவதில்லை. பக்கத்தில் போய் இருந்து, கொப்பியைத் திறந்து வைத்துவிட்டு, அவன் விரல் எந்தப் படத்துக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.